உப்பளத்துப் பிள்ளை ஜியாலஜி படிக்கலாமா?

ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்திலிருந்து எழுதிய அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அறிவியல் குரூப்பில் பிளஸ் டூ முடித்த மகள் நர்சிங் வேண்டாம், பி.காம் வேண்டாம், பாறையையும் பூமியின் உள்ளமைப்பையும் பற்றிப் படிக்கிற ஜியாலஜிதான் என்று நிற்கிறாள். போதாததற்கு, "நாம வார்ற உப்புல பாதிக்கு மேல பூமிக்குள்ளேருந்து வந்ததுப்பா" என்கிறாள். பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருக்கிறீர்கள். அண்ணே, அவள் சொன்னது உண்மை.

உப்பில் நூற்றுக்கு அறுபது பங்கு எடை குளோரின், மீதி சோடியம். சோடியம் பாறையிலிருந்து கரைந்து ஆற்றோடு கடலுக்கு வருகிறது. குளோரின் அப்படியல்ல. இதுவரை கரைந்த பாறை எல்லாவற்றையும் கூட்டினாலும், கடலில் இருக்கும் குளோரினில் ஒரு சிறு பங்குதான் தேறும். 1951இல் வில்லியம் ரூபி என்ற அமெரிக்க நிலவியலாளர் இந்த வரவு செலவைப் போட்டுப் பார்த்தார். குளோரின் மட்டுமில்லை, தண்ணீர், கார்பன், நைட்ரஜன், கந்தகம் எல்லாமே கணக்குக்கு மேல் மிஞ்சின. எரிமலை வாயுவாகவும் வெந்நீர் ஊற்றாகவும் பூமியின் வயிற்றிலிருந்து அவை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். எளிதில் ஆவியாகும் பொருட்கள் என்று உங்கள் மகள் சொல்வது இவற்றைத்தான்.

வந்தவை வந்தபடியே இருப்பதும் இல்லை. சுமத்ராவை ஒட்டி இந்தியப் பெருங்கடலின் தரை பூமிக்குள் செருகிக்கொண்டே போகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி கிளம்பியது அங்கேதான். அந்தத் தரை தன் பாறைக்குள் கடல் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. ஆழத்தில் தண்ணீர் பிரிந்து மேலே உள்ள சூடான பாறைக்குள் ஏறும்போது, அந்தப் பாறை வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். சுமத்ரா, ஜாவா எரிமலைகள் எரிவது அதனால்தான். இறங்கிய நீரில் ஒரு பங்கு மறுபடி ஆவியாக வெளியே வருகிறது. இன்னொரு பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. 400 கிலோமீட்டருக்கும் கீழே உருவான ஒரு கனிமத் துணுக்கு பிரேசில் நாட்டு வைரம் ஒன்றுக்குள் சிக்கியிருந்தது. 2014இல் அதைச் சோதித்தபோது எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் இருந்தது. இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து தானாகத் தேடிப் படிக்கிற பிள்ளையை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, சோறு போடுமா என்று கேட்டீர்கள். பி.எஸ்சி. மட்டும் படித்தால் கஷ்டம். எம்.எஸ்சி. வரை ஐந்து வருடம் என்று இன்றைக்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வு இருக்கிறது. 1851இல் தொடங்கிய ஜி.எஸ்.ஐ. என்கிற இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி.யிலும் உதவி நிலவியலாளர் பணி உண்டு. எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற ஓ.என்.ஜி.சி. பக்கமும் போகலாம், கேட் தேர்வு மார்க்கை வைத்தும் அங்கே ஆள் எடுத்திருக்கிறார்கள். நம் வழுதூர் மின் நிலையம் ஓடுவதே இந்த மாவட்டத்து நிலத்தடி வாயுவில்தானே. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: எல்லா வருடமும் ஒரே அளவு காலியிடம் வராது, எண்ணெய் விலை சரிந்தால் தனியார் வேலையும் சுருங்கும். மத்திய தேர்வு, மாநிலத் தேர்வு இரண்டுக்கும் சேர்த்தே அவள் தயாராக வேண்டும்.

நான் இன்னும் அழுத்திச் சொல்ல நினைப்பது வேதியியலை. ஜியாலஜியில் சேர்ந்ததும் பலர் அதைக் கைகழுவிவிடுகிறார்கள். உங்கள் மகளுக்குப் பிடித்தது முழுக்க முழுக்க வேதியியல். நம் கரையில் ஒரு கிணறு உப்புக் கரித்தால், அது கடல் ஏறியதாலா, மண்ணில் பழைய உப்பு கிடந்ததாலா என்று குளோரைடையும் புரோமைடையும் அளந்து ஒப்பிட்டுத்தான் பிரிப்பார்கள். அந்த வேலை தெரிந்தவருக்கு இந்த மாவட்டத்திலேயே தேவை இருக்கிறது. கணிதத்தையும் விடக் கூடாது. ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க நினைத்தால், எந்த ஐ.ஐ.டி. எந்தப் பாடம் கேட்கிறது என்பதை இப்போதே பார்த்துவைக்க வேண்டும்.

விண்ணப்பம் போடும்போது கவனம். புவியியல் என்று இருந்தால் பெரும்பாலும் அது ஜியாகிரபி. நமக்கு வேண்டியது நிலவியல், சில இடத்தில் புவி அமைப்பியல் என்று போட்டிருக்கும். சந்தேகம் வந்தால் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். உங்களுக்குப் பக்கம் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, அங்கே நிலவியல் இருக்கிறது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ் செலவுக்காவது ஆகும்.

பெண்பிள்ளை மலையும் சுரங்கமுமாக அலைய வேண்டுமா என்று அக்கா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கல்லூரிக் காலத்துக் களப்பயணம் ஆசிரியர்களோடு கூட்டமாகப் போவது. சுரங்கத்துக்குள் பெண்கள் பகலில் வேலை பார்க்க 2019இல் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்துவிட்டார்கள். புவி வேதியியலுக்குப் போனால் பாதி நாள் ஆய்வகத்தில், கருவி முன்னால்தான். அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். அப்போதும் மனது ஆறவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை மகளோடு அக்காவையும் ராமநாதபுரத்துக்குக் கூட்டி வாருங்கள். மார்க் ஷீட்டை மறந்துவிடாதீர்கள், முதலில் வேதியியல் மார்க்கைப் பார்க்க வேண்டும்.