அப்பா பாலம் வாங்கினார்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சிங்கப்பூரில் ஜூரோங் வட்டாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். வேலைக்கு வந்து ஐந்து ஆண்டு ஆகிறது. "தமிழ் வாய் வழியாகத்தான் வரும், திரை வழியாக வராது" என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அன்றைக்குத் தலையாட்டிப் படித்தேன். இன்று என் வகுப்பில் எதற்கெடுத்தாலும் திரைதான்.

தொடக்கநிலை நான்கில் எனக்குப் பதினான்கு பிள்ளைகள். பத்துப் பேர் வீட்டில் ஆங்கிலம்தான். வினாடிவினாச் செயலி வைத்தால் வகுப்பே துள்ளுகிறது. முடிந்ததும் "மிஸ், ஐ காட் ஃபர்ஸ்ட்!" என்கிறார்கள். அரை மணி நேரத்தில் யாரும் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்க மாட்டார்கள். கட்டுரை கொடுத்தால் ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்து வருகிறார்கள். போன வாரம் ஒரு மாணவி, "விடுமுறையில் எனக்கு ஒரு வெடிப்பு இருந்தது" என்று எழுதியிருந்தாள். நான் பயந்தே போனேன். அப்புறம்தான் 'ஐ ஹேட் எ பிளாஸ்ட்' என்பது புரிந்தது.

நான் நடத்துவது பாடமா, விளையாட்டா? இன்னொன்று: ஐபேடில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள். அதை அப்படியே விட்டுவிடலாமா?

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை
(பெயர் வேண்டாம் ஐயா)

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த வாக்கியத்தை எழுதியது நான்தான். எழுதும்போது அழகாக இருந்தது. பாதிதான் சரி என்று பின்னால் தெரிந்தது. அதை எழுதிய மனிதர் திரையிடம் ஒருமுறை சூடு பட்டவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. வேற்றுமை உருபு நடத்துவதற்காக இரண்டு இரவு உட்கார்ந்து ஸ்லைடு தயாரித்தேன். என் வீட்டுக் கணினியில் இருந்த எழுத்துரு பள்ளிக் கணினியில் இல்லை. எல்லாக் கணினியிலும் ஒரேபோல் தெரியும் யூனிகோடு எழுத்து நம் கைக்கு வராத காலம். மரத்தை, மரத்தால், மரத்துக்கு என்று வர வேண்டிய இடத்தில் டாலர் குறியும் ஆச்சரியக்குறியுமாக வரிசை கட்டி நின்றன. பின்வரிசைப் பையன் ஒருவன் மிகுந்த மரியாதையோடு, "சார், இது எத்தனாம் வேற்றுமை?" என்று கேட்டான். அன்று சாக்பீஸைக் கையில் எடுத்தவன் பல வருடம் கீழே வைக்கவில்லை.

நான் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே காலத்தில், இதே ஊரில், இன்னொரு தமிழாசிரியர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நா. கோவிந்தசாமியைச் சொல்கிறேன். சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் அங்கே இருந்ததற்கு அவருடைய 'கணியன்' என்ற தமிழ் மென்பொருள் ஒரு முக்கியக் காரணம். 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் கூடியது. 1999இல் அவர் இறந்துவிட்டார். தமிழைக் கணினிக்குள் கொண்டுபோகப் பாடுபட்டவர்களில் வகுப்பறை ஆளும் உண்டு என்பதை நம் ஆசிரியர்களே இப்போது மறந்துவிட்டார்கள். எனக்கும் அது உறைக்க நாளானது.

சரி, உங்கள் வகுப்புக்கு வருகிறேன்.

பதினான்கு பிள்ளைகள், அரை மணி நேரம். நீங்கள் வாயே திறக்காமல் நின்றாலும் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் தேறும். நீங்கள் பேசாமல் இருக்கப் போவதில்லை. வருகை எடுக்க வேண்டும், விளக்க வேண்டும், "உட்காரு" என்று நாலு தடவை சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு பிள்ளைக்கு முப்பது விநாடி மிஞ்சினால் அதிர்ஷ்டம். வீட்டில் பேசி ஈடுகட்டட்டும் என்று சொல்ல முடிந்த காலமும் மலையேறிவிட்டது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எல்லா இனத்தாரையும் சேர்த்து, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் அதே பத்தாண்டில் 32.3இலிருந்து 48.3க்குப் போய்விட்டது. உங்கள் பதினான்கில் பத்து அந்தக் கணக்குக்குள் வருகிறவர்கள்.

ஆகவே எந்தச் செயலியைக் கொண்டுவந்து காட்டினாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இதில் பிள்ளை வாயைத் திறக்குமா, திறந்தால் அதைக் கேட்க ஆள் உண்டா? வினாடிவினா அதில் தேறாது. நாலு விடையில் ஒன்றைத் தொட விரல் போதும். அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். ஐந்து நிமிடம், வகுப்பைச் சூடாக்க, அவ்வளவுதான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு தமிழ் வகுப்புக்கு வருவது சின்ன விஷயம் இல்லை. நான் படித்த காலத்தில் யாரும் அப்படி வந்ததில்லை.

தேறுகிற கருவி உங்கள் ஐபேடிலேயே இருக்கிறது: ஒலிப்பதிவு. சனிக்கிழமைகளில் ஈசூனில் ஒரு சமூக மன்றத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். அதில் ஒரு பையன் கேள்வி கேட்டால் சட்டைப் பொத்தானைப் பார்ப்பான். ஒருநாள், "ஜன்னல் வழியாகத் தெரிவதைப் பற்றி ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்" என்று எல்லாரிடமும் கொடுத்தேன். இவன் ஐபேடைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். நான் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் காது கொடுத்தேன். "மலை பெய்யுது" என்றான். போட்டுக் கேட்டான். முகத்தைச் சுளித்தான். அழித்தான். "மளை பெய்யுது." மறுபடி அழித்தான். நாக்கை உள்ளே மடித்து, கண்ணை மூடிக்கொண்டு, "மழை". என்னிடம் வந்து கொடுக்கும்போது, "செவன் டைம்ஸ் சார்" என்றான். அதே சொல்லை வகுப்பில் எழுந்து நின்று ஏழு முறை சொல் என்று நான் சொல்லியிருந்தால் அதற்குப் பெயர் தண்டனை.

அன்று எட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் எட்டு மூலையில் தமிழ் பேசிக்கொண்டிருந்தார்கள். கரும்பலகையை வைத்துக்கொண்டு அதை என்னால் ஒருநாளும் செய்ய முடிந்ததில்லை. பாதி வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது அன்றுதான்.

2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்த எஸ்எல்எஸ் என்ற இணையக் கற்றல் தளத்திலேயே பிள்ளைகள் குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினான்கையும் யார் உட்கார்ந்து கேட்பது என்றுதான் நினைப்பீர்கள். நியாயம். வாரம் ஐந்து பேரைக் கேளுங்கள், முறை வைத்து. மற்றவர்கள் பக்கத்துப் பிள்ளையின் பதிவைக் கேட்டு ஒரு கேள்வி கேட்கட்டும். உங்கள் பதிலையும் குரலிலேயே கொடுங்கள். "நல்லாருந்துச்சு. அந்தப் பூனை அப்புறம் என்னாச்சு?" என்று பத்து விநாடி போதும். மதிப்பெண்ணுக்குப் பதில் சொல்ல முடியாது. பூனை என்ன ஆனது என்பதற்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். பேச்சுத் தமிழில் பதில் சொல்வதா என்று தயங்க வேண்டாம். 2005 பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு நம் வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் கிடைத்தாயிற்று. வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டுப் பேசப் போகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சியும் எனக்குத் தெரியவில்லை.

இனி அந்த வெடிப்பு. மொழிபெயர்ப்புச் செயலியைத் தடை செய்தால் வீட்டில் செய்வார்கள். நான் அதை வகுப்புக்குள்ளேயே கூட்டி வந்துவிடுவேன். செயலி கொடுத்த பத்தியைத் திரையில் போட்டு, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். படித்ததும் ஒரே கேள்வி: "உங்க பாட்டி இப்படிச் சொல்வாங்களா?" வெடிப்புக்கு வகுப்பே சிரிக்கும். அப்புறம் ஒருவன், "ஜாலியா இருந்துச்சுன்னு சொல்வாங்க" என்பான். இன்னொருத்தி "குதூகலமாக" என்று பாடநூலிலிருந்து எடுத்து நீட்டுவாள். இரண்டையும் பலகையில் எழுதி, எதை யாரிடம் சொல்லலாம் என்று கேட்டால் அன்றைய பாடம் முடிந்தது. ஒரு எச்சரிக்கை: இந்தச் செயலிகள் வருடத்துக்கு வருடம் தேறிக்கொண்டே வருகின்றன. இலக்கணப் பிழை இல்லாமல், பொருளும் தப்பாமல், ஆனால் பத்து வயதுப் பிள்ளை எழுதவே முடியாத தமிழ் இப்போதே வருகிறது. சிரிக்க வழியில்லாத அந்தத் தமிழைக் கண்டுதான் எனக்குப் பயம். அங்கேயும் பாட்டி கேள்வி வேலை செய்கிறது.

பாட்டி என்று சும்மா சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் பள்ளிகள் வீட்டுக்குப் போனபோது என் சனிக்கிழமைப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன்: தாத்தாவுக்கோ பாட்டிக்கோ போன் போட்டு, அவர்கள் சின்ன வயதில் வீட்டில் இல்லாத ஒரு பொருளைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். செங்காங் பெண் ஒருத்தி ஃப்ரிட்ஜைப் பற்றிக் கேட்டாள். பாட்டி செம்பவாங்கில் கம்பத்து வீட்டில், அதாவது கிராமத்து வீட்டில், வளர்ந்தவர்.

"பாட்டி, ஃப்ரிட்ஜ் இல்லாம மீனை எங்க வச்சீங்க?"

"எங்க வைக்கிறது? வாங்குனா அன்னிக்கே ஆக்கிருவோம். குழம்பு மிஞ்சுனா சுண்ட வச்சிருவோம்."

"சுண்டன்னா?"

அதற்குப் பாட்டி கொடுத்த விளக்கம் ஒன்றரை நிமிடம். சட்டி வருகிறது, அடுப்பைத் தணிப்பது வருகிறது, மறுநாள் அந்தக் குழம்பின் ருசி வருகிறது, நடுவில் செத்துப்போன பெரியப்பா ஒருவர் வருகிறார். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் எழுதிய பத்தியில், "என் பென்சில் சீவிச் சீவிச் சுண்டிவிட்டது" என்று இருந்தது. நான் திருத்தவில்லை.

பாட்டி கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லாத பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். சிலருக்குப் பாட்டி தஞ்சாவூரில், சிலருக்குப் பாட்டியே ஆங்கிலத்தில். அவர்களுக்குப் பக்கத்து பிளாக்கில் யாராவது கிடைப்பார்கள். தேக்கா சந்தையில் காய்கறி விற்கிறவர் அனுமதி கொடுத்தால் அவரும் சரி.

விசைப்பலகை பற்றிக் கேட்டீர்கள். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பையன், "அப்பா பழம் வாங்கினார்" என்று தட்ட வேண்டும். ஆங்கில எழுத்தில் பி, ஏ, எல், ஏ, எம். மேலே மூன்று சொல் தோன்றின: பலம், பாலம், பழம். அவன் பார்வை விசையில், கட்டைவிரல் நடுச்சொல்லில். அப்பா பாலம் வாங்கினார். "அப்பா பெரிய பணக்காரர்தான்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. எழுத்தைக் கூட்டிப் படிக்கச் சொன்னேன், அப்போதும் தயங்கினான். அவன் அந்தச் சொல்லைத் தட்டவே இல்லையே, பட்டியலிலிருந்து பொறுக்கி எடுத்தான். ல, ள, ழ மூன்றும் அவன் விரலுக்கு ஒரே 'எல்' தான். ர, ற இரண்டும் ஒரே 'ஆர்'. காதில் வித்தியாசம் பழகாத பிள்ளைக்குக் கையிலும் அது பழகாமல் போகிறது.

என்னைப் போன்ற பெரியவர்கள் ஒலிபெயர்ப்பில் தட்டட்டும். எங்களுக்கு எழுத்து ஏற்கெனவே தெரியும். பிள்ளைகளுக்குத் தமிழ்99 கொடுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அமைப்பு. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ம தட்டி ஆ தட்டினால் மா. நீங்கள் பலகையில் மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று வரைந்து காட்டுவது விரலில் நடக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது புள்ளி. 'தம்பி'க்கு த, ம, ப, இ என்று தட்டினால் போதும். ம-வுக்கு அடுத்து ப வந்ததும் ம-வின் தலையில் புள்ளி தானாக ஏறிக்கொள்ளும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த எல்லாமே அப்படித்தான். 'பாட்டி'யில் ட-வை இரண்டு முறை தட்டினால் முதல் ட புள்ளி வைத்துக்கொள்ளும். என் வகுப்பில் ஒரு பெண், "சார், இது ஏன் தானா டாட் வைக்குது?" என்று கேட்டாள். இன எழுத்து என்பதை முப்பது வருடம் நடத்தியிருக்கிறேன். யாரும் என்னிடம் ஏன் என்று கேட்டதில்லை.

முதல் மூன்று வாரம் பிள்ளைகள் முனகுவார்கள், மெதுவாக இருக்கிறது என்று. நாளுக்குப் பத்துச் சொல், அதற்குமேல் வேண்டாம். மேலே சொற்கள் தோன்றும் அந்தப் பட்டியை அணைத்துவிடுங்கள். ஐபேடில் தமிழ்99 ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது, எதையும் தரவிறக்க வேண்டாம். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்க்கும்போது 'அஞ்சல்' (ஆங்கில எழுத்து வழித் தட்டுவது), 'தமிழ் 99' என்று இரண்டும் காட்டும். இரண்டாவதைத் தொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஐயா