வெளியே வந்தால் பயந்து பாய்ந்து குரைக்கும் நாயை அமைதியாக இருக்கப் பழக்குவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் நீங்கள் வளர்க்கும் மூன்று வயதுக் கலப்பின நாய், வீட்டுக்குள் ‘உட்கார்’ என்றால் உடனே உட்காருகிறது. வெளியில் இன்னொரு நாயைக் கண்டுவிட்டால் உங்கள் குரல் காதில் விழாததுபோல் பாய்ந்து குரைக்கிறது. பகலெல்லாம் முன்வேலியோரம் ஓடித் தெருவில் போகிறவர்களை விரட்டுகிறது. தீபாவளி இரவில் கட்டிலுக்கடியில் நடுங்கிக் கிடக்கிறது. குரைத்தால் மின்னதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டை வாங்கும்படி ஒரு பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா என்றும் நீங்கள் யோசிக்கிறீர்கள். டர்பனில் இதே சுபாவம் கொண்ட வீரன் என்ற நாயைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன் என்பதால் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாய் உங்கள் சொல்லை மீறவில்லை. பயம் உச்சத்தில் இருக்கும்போது அதன் உடல் தாக்குவதற்கோ தப்புவதற்கோ ஆயத்தமாகிவிடுகிறது. அந்த நிலையில், கற்றுக்கொடுத்த எந்தச் சொல்லுக்கும் அதனால் செவிசாய்க்க முடியாது. வார் கட்டியிருப்பதால் தப்பி ஓட வழியில்லை. ஆகவே எதிரே வருவதை விரட்டப் பார்க்கிறது. எதிரே வந்த நாய் தன் போக்கில் கடந்துபோய்விடுகிறது, ஆனால் உங்கள் நாயோ தான் குரைத்ததால்தான் ஆபத்து நீங்கியது என்று எடுத்துக்கொள்கிறது. வேலியோரத்திலும் இதுவேதான் நடக்கிறது. தெருவில் போகிறவர் எப்படியும் போகத்தான் போகிறார். ஆனால் நாளெல்லாம் ஒவ்வொரு முறையும் தான் வென்றதாகவே நாய் கற்றுக்கொள்கிறது. ஆகவே கீழ்ப்படிதலை முதலில் தேடாதீர்கள். பயம் குறைந்தால் கீழ்ப்படிதல் தானே வரும்.

பயத்தைக் குறைப்பதற்கு உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய கருவி தூரம். மற்றொரு நாயைப் பார்த்த பிறகும் உங்கள் நாய் உங்கள் பக்கம் திரும்பவும், நீங்கள் நீட்டும் கோழித் துண்டை வாங்கித் தின்னவும் முடிகிற தூரம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். ஒரு நாய்க்கு அது சாலையின் அகலம். இன்னொன்றுக்கு ஒரு விளையாட்டுத் திடலின் முழு நீளமும் வேண்டும். அந்த எல்லைக்கு வெளியே நின்று செய்கிற பயிற்சி மட்டுமே பயிற்சி. எல்லையைத் தாண்டி நெருங்கிவிட்டால் நாய் பயத்தையே மறுபடியும் ஒத்திகை பார்க்கிறது. குரைப்பு தொடங்குவதற்கு வெகு முன்பே அறிகுறிகள் தெரிந்துவிடும்: வாயை மூடிக்கொள்ளுதல், உதட்டை நக்குதல், தூக்கமில்லாத வேளையில் கொட்டாவி விடுதல், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தல், உடல் விறைத்து அசையாமல் நிற்றல். வழக்கமாக மென்மையாக வாங்கித் தின்னும் நாய் விரலோடு சேர்த்துக் கவ்வினாலும், தின்ன மறுத்தாலும், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். உடனே விலகி நடங்கள்.

இந்த முறையின் வேர்களில் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1915இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப்பி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்னாப்பிரிக்கப் படை மருத்துவராக இருந்தபோது, போர் அதிர்ச்சியால் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கு அன்றைய சிகிச்சை போதிய பலன் தராததைக் கண்டார். பின்னர் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பூனைகளை வைத்து ஆய்வு செய்தார். கூண்டில் மின்னதிர்ச்சி பெற்ற பூனைகள், பசித்திருந்தபோதும் அந்தக் கூண்டிலோ, அது இருந்த அறையிலோ உண்ண மறுத்தன. அந்த அறையைச் சிறிதளவே ஒத்திருந்த வேறு இடத்தில் உணவைத் தொடங்கி, படிப்படியாக மேலும் ஒத்த இடங்களுக்குக் கொண்டுசென்று, கடைசியில் கூண்டிலேயே அவற்றை அமைதியாக உண்ண வைத்தார். இதை மனிதர்களின் அச்சங்களுக்கு ஏற்றபடி அவர் வகுத்த முறை உலகெங்கும் பரவியது. இன்று நாய்களுக்கான பயிற்சியும் அதே படிக்கட்டில்தான் ஏறுகிறது. அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது: மின்னதிர்ச்சி பயத்தை உண்டாக்கியது, பயத்தைத் தீர்த்ததோ உணவும் தூரமும்தான்.

நடைமுறைக்கு வருவோம். மார்புப் பட்டையும் 2 அல்லது 3 மீட்டர் நீளமுள்ள வாரும் வாங்குங்கள். இழுத்தால் நீளும் வார் வேண்டாம். வார் எப்போதும் சற்றுத் தளர்ந்தே இருக்கட்டும், ஏனென்றால் அது இறுகும்போது நாயின் பதற்றமும் இறுகும். உப்பில்லாமல் வேகவைத்த கோழியை விரல்நகம் அளவுக்கு நறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். உப்பும் மசாலையும் மிகுந்த பில்டாங் என்ற உலர் இறைச்சி இதற்கு ஆகாது. ஆளரவம் குறைந்த வேளையில், தொலைவில் ஒரு நாய் தெரியும் இடத்தில் நில்லுங்கள். உங்கள் நாய் அதைப் பார்க்கட்டும்; பார்த்த கணத்தில் ஒரே மாதிரியான குரலில் ‘சபாஷ்’ என்று சொல்லிக் கோழியைக் கொடுங்கள். எதிர்நாய் மறைந்ததும் கோழியும் நின்றுவிட வேண்டும். வரிசை மாறக்கூடாது: முதலில் நாய் தெரிய வேண்டும், பிறகே தீனி வர வேண்டும். தீனியை முன்கூட்டிக் காட்டினால், பையில் கை போவதே ஆபத்து வரப்போவதற்கு அறிகுறி என்று சில நாய்கள் கற்றுக்கொள்கின்றன. சில வாரங்களில், எதிர்நாயைக் கண்டதும் உங்கள் நாய் தானாகவே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கும். அப்போதுதான் ஓரிரு அடி நெருங்க வேண்டும்.

இதோடு வீட்டுக்குள் இரண்டு பழக்கங்களைக் கற்றுக்கொடுங்கள். ஒன்று, ‘வா போகலாம்’ என்றதும் அரைவட்டமாகத் திரும்பி உங்களோடு நடப்பது. திருப்பத்தில் திடீரென எதிர்ப்படும் நாயிடமிருந்து விலக இதுவே கைகொடுக்கும். மற்றொன்று, ஒரு பாயை விரித்து அதில் படுத்திருக்கும் நேரமெல்லாம் சத்தமில்லாமல் தீனி வைத்துக்கொண்டே இருப்பது. வீரனுக்கு என் கணிப்பில் மிகுந்த பலன் தந்தது இந்தப் பாய்தான். எங்கே விரித்தாலும் அங்கே அடங்கிப் படுத்துவிடுவான். தாத்தா முதல் பேரப்பிள்ளைகள் வரை வீட்டார் எல்லாரும் ஒரே சொல்லையே பயன்படுத்த வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வேலியைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதிகாலையில் டாக்சி பிடிக்கவும் வேலைக்குப் போகவும் நடந்து செல்லும் மனிதர்களைத் தெருவின் ஒவ்வொரு வாசலிலும் ஒரு நாய் பாய்ந்து மிரட்டுவது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. அது சாதாரணமாக இருக்கக் கூடாது. மதிலுக்குள்ளேயே வளர்ந்த நாய்க்கு வீட்டார் முகங்கள் மட்டுமே பழக்கம். குட்டிப் பருவத்தின் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை பார்த்துப் பழகாத மனிதர்களையெல்லாம் அது பின்னர் அந்நியராகவே காணும். கம்பிவேலியில் பார்வை மறையும்படி தட்டி அடித்து, ஆளில்லாத நேரத்தில் நாயை முன்முற்றத்தில் விடாமல் பின்பக்கம் வைத்திருங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். கூரையில் தாவும் வெர்வெட் குரங்குகளைக் கண்டு நாய் குரைப்பதற்கு இந்தப் பயிற்சியால் பெரிய பலன் இல்லை. குரங்குக் கூட்டம் வந்தால் நாயை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளுங்கள், குரங்கின் கடி மிக ஆழமானது.

மின்னதிர்ச்சிப் பட்டையை வாங்காதீர்கள். அது குரைப்பை அடக்கலாம், பயத்தை அடக்காது. எதிர்நாயைக் காணும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், அந்த வலிக்கும் எதிர்நாயே காரணம் என்று உங்கள் நாய் முடிவுகட்டிவிடும். எச்சரிக்கைக் குரைப்பை இழந்த நாய் நேராகக் கடிக்கும் நிலைக்குப் போவதுண்டு. வேல்ஸ் நாடு 2010இலேயே இந்தப் பட்டைகளைத் தடை செய்துவிட்டது.

வெடிச்சத்தத்துக்கு இங்கே காலம் நம் பக்கம் இருக்கிறது. தீபாவளியும் நவம்பர் 5ஆம் தேதி வெடி வெடிக்கும் கய் ஃபாக்ஸ் இரவும் அடுத்தடுத்து வருகின்றன. புத்தாண்டுக்குப் பிறகு பல மாதங்கள் அமைதியாக இருக்கும். அந்த மாதங்களில் பதிவுசெய்த வெடியோசையை, நாய் காதை மட்டும் அசைக்கும் அளவுக்கு மெல்ல ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு ஓசைக்குப் பின்னும் தீனி கொடுத்து, சத்தத்தை மிகச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வெடி இரவிலோ பயிற்சி வேண்டாம்: சன்னலை மூடித் திரை இழுத்து, மின்விசிறியையோ வானொலியையோ ஓடவிட்டு, அருகில் இருங்கள். நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறான எண்ணம். ஆறுதல் தேடி வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். பயம் கடுமையாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் மருந்து கேட்பதில் தயக்கம் வேண்டாம். பதற்றத்தைக் குறைக்கும் புளுவாக்செட்டின் போன்ற தினசரி மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும் என்பதால் முன்கூட்டியே செல்லுங்கள். அசெப்ரோமசின் என்ற அசதியூட்டும் மருந்தை மட்டும் கொடுத்தால் உடல் தளரும், ஆனால் உள்ளே பயம் குறையாமலே இருக்கக்கூடும்; ஆகவே எதைத் தருகிறார் என்று கேட்டறியுங்கள்.

அதே மருத்துவரிடம் காது, இடுப்பு, பற்கள் ஆகியவற்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் வலியுள்ள நாய் எளிதில் சீறும். நம் மாகாணமான குவாசுலு-நாட்டாலில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது. தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். கடித்துவிடும் என்ற ஐயம் இருந்தால், மூச்சிரைக்கவும் தீனி தின்னவும் இடமுள்ள கூடை வடிவ வாய்க்கூட்டைத் தீனி வைத்து மெதுவாகப் பழக்குங்கள்.

இரண்டாவது நாயை இப்போது வாங்காதீர்கள். புதிதாக வரும் நாய் பெரும்பாலும் பழைய நாயிடமிருந்து வேலியோரம் ஓடக் கற்றுக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து குரைக்கும்போது, ஒன்றின் பதற்றம் மற்றதை ஏற்றிவிடும். உங்கள் நாய் தெருவில் இன்னொரு நாயைச் சாலை அகலத் தூரத்தில் அமைதியாகக் கடக்கும் நிலை வந்து, அது சில மாதங்கள் நிலைத்த பிறகு, அமைதியான வயதுவந்த நாய் ஒன்றைப் பொது இடத்தில், இரண்டையும் இணையாக, இடைவெளி விட்டு நடத்திப் பாருங்கள். அந்த நடை பலமுறை சீராக அமைந்தால் மட்டுமே அதை வீட்டுக்கு அழைத்துவருவது பற்றி யோசிக்கலாம்.