சோப்பு வகுப்பு: காஸ்டிக் சோடா 92 கிராமா, 128 கிராமா?

ஏஐயை வைத்து நீங்கள் எழுதிய சோப்பு வகுப்பில், 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு காஸ்டிக் சோடா (எண்ணெயைச் சோப்பாக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு) 2ஆம் பாடத்தில் 92 கிராம், 5ஆம் பாடத்தில் 128 கிராம் என்று இருக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். 92 கிராம்தான் சரியான கணக்கு, அதுவே உச்ச வரம்பு. 5ஆம் பாடத்தில் சாட்ஜிபிடி எழுதிய 128 கிராமை இன்றைக்கே நீக்குங்கள். அந்தச் சோப்பு தோலைப் புண்ணாக்கிவிடும்.

அநேகமாக அது திரவ சோப்புக்கான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கணக்கு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு காஸ்டிக் சோடா சுமார் 0.183 கிராம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றால் 0.257. 500ஆல் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட இந்த இரண்டு எண்களும்தான் வரும். ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனி உரையாடலில் எழுத வைத்தால் இப்படி நடக்கும்.

1. எல்லாப் பாடங்களின் அளவுகளையும் ஒரே எக்செல் தாளுக்குக் கொண்டுவாருங்கள்.
2. ஒவ்வொன்றையும் சோப்பு கால்குலேட்டரில் (எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் என்று கணக்கிடும் கருவி) போட்டுப் பாருங்கள். ஏஐயிடமே "சரியா?" என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது.
3. அந்தத் தாளை ஏஐயிடம் கொடுத்து, இதிலுள்ள எண்களை மட்டும் வைத்துப் பாடத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.

ஒன்று கவனியுங்கள்: 0.183 தேங்காய் எண்ணெய்க்கு மட்டும்தான். ஆலிவ் எண்ணெய்க்குச் சுமார் 0.135. வெறும் தேங்காய் எண்ணெய் சோப்பு சருமத்தை வறட்டும் என்பதால் பலர் காஸ்டிக்கை 20 சதவீதம் குறைத்து, சுமார் 73 கிராம் போடுவார்கள். ஆரம்பநிலை மாணவர்களுக்கு நான் அதையே கொடுப்பேன்.

அப்புறம், தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏஐ தயாரித்த வீடியோவில் இந்த வரிசை மாறவில்லையா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். பாட வரிசை, வினாடி வினா எல்லாம் தாராளமாக ஏஐயிடம் விடலாம்.