இவ்வளவு பவர் எதுக்குன்னு அப்பா கேக்கறார் (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணா,

நீங்க மஹிந்திரா பிஇ 6 கரண்டு கார் எடுத்து ஒரு வருஷம் ஓட்டிட்டீங்கன்னு போன மாசம் எழுதியிருந்தீங்க. எனக்கும் அதே வண்டி, 79 கிலோவாட் ஹவர் பேட்டரிதான் எடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. வாரத்துக்கு ரெண்டு தடவ பெருந்துறையில இருந்து கோயமுத்தூர், மாசம் ஒரு தடவ சென்னை. வீட்ல அப்பா, அம்மா, மனைவி, நாலு வயசுப் பொண்ணு. கம்பெனி ஒரு முழு சார்ஜுக்கு 682 கிலோமீட்டர்னு சொல்றது நிஜத்துல எவ்வளவு வரும்? இன்னொண்ணு, அப்பா "கரண்டு வண்டி வாங்கறதுன்னா வாங்கு, ஆனா குடும்பத்த கூட்டிட்டுப் போற வண்டிக்கு இவ்வளவு பவர் எதுக்கு"ன்னு கேக்கறார். அவர்கிட்ட என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க.

(பேர் போட வேண்டாம், பெருந்துறை)

தம்பிக்கு வணக்கம்.

ரெண்டு கேள்வி அனுப்பியிருக்கீங்க, ஒண்ணு உங்களோடது, ஒண்ணு அப்பாவோடது. அப்பா கேட்டதுதான் பெரிய கேள்வி, அதனால அதையே முதல்ல எடுத்துக்கறேன், உங்க ரேஞ்ச் கேள்விக்குப் பதிலும் அதுக்குள்ளயேதான் இருக்கு.

நீங்க கேக்கற 79 கிலோவாட் ஹவர் வண்டிக்கு 286 குதிரைத் திறன், 380 நியூட்டன் மீட்டர் டார்க், மோட்டார் பின்னாடி, பின் சக்கரம்தான் தள்ளும். 100 கிலோமீட்டர் வேகத்த 6.7 செகண்டுல தொடும். எங்க வீட்ல இதுக்கு முன்னாடி பத்து வருஷம் இருந்த டீசல் வண்டி அதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நேரம் எடுத்துக்கும். ஆனா வித்தியாசம் இந்த நம்பர்ல மட்டும் இல்லைங்க. டீசல் வண்டி வேகம் எடுக்கும்போது நம்மகிட்ட சொல்லிட்டே எடுக்கும், இன்ஜின் கத்தும், கியர் மாத்தச் சொல்லும், ஸ்டீயரிங் ஆடும், பக்கத்துல இருக்கறவங்க கைப்பிடியப் பிடிப்பாங்க. இதுல அதெல்லாம் ஒண்ணுமே கிடையாது, கால அழுத்தினா அடுத்த நொடி வேற இடத்துல இருப்பீங்க. எடுத்த முதல் மாசம் நீலாம்பூர் தாண்டி சேலம் ரோட்டுல போயிட்டிருக்கேன், பாட்டு ஓடிட்டிருக்கு, பையன் பின்னாடி தூங்கறான், என் மனசுக்கு 80ல போற மாதிரி இருக்கு, டிஸ்ப்ளேவப் பாத்தா 118. எனக்கு அன்னைக்கு நிஜமாவே பயமாப் போச்சு, ஏன்னா நான் வேகமாப் போகணும்னு நினைக்கவே இல்ல. இருபது வருஷமா டீசல் சத்தத்துலயே பழகின உடம்பு, சத்தம் இல்லேன்னா வேகம் இல்லேன்னு அதுவா முடிவு பண்ணிக்குது.

அப்ப இந்த பவர் வேண்டாமான்னு கேட்டா, வேணும்னுதான் சொல்லுவேன், மனசார சொல்லுவேன். பல்லடம் தாராபுரம் மாதிரி ரெண்டு வழி ரோட்டுல ஒரு கரும்பு லோடு லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டா, பழைய வண்டியில எதிர் வரிசையில ரொம்ப நேரம் நிக்கணும், அந்த நேரம் பூராவும் உயிர் கையிலதான் இருக்கும், இதுல ரோடு காலியா தெரிஞ்சதும் காலக் கொடுத்தா மூணு நாலு செகண்டுல நம்ம வரிசைக்கு வந்துடலாம். அது பாதுகாப்புதான், அப்பாகிட்ட தைரியமா சொல்லுங்க. சந்தோஷமும் இருக்கு, அத மறைக்க வேண்டியதில்ல. விடிகாலை அஞ்சரை மணிக்கு ஆளில்லாத பைபாஸ்ல ரேஸ் மோட் போட்டு ஒரு தடவ அழுத்தும்போது முதுகு சீட்டுல ஒட்டிக்கற அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிடிக்கும், நாப்பத்தஞ்சு வயசுலயும் பிடிக்கும். பேட்டரி தரைக்குள்ள இருக்கறதால வண்டி உயரமா இருந்தாலும் வளைவுல சாயாது.

ஆனா அப்பாவோட கேள்விக்குள்ள இன்னொரு ஆளும் இருக்காரு, அவர் வண்டிக்கு வெளிய இருக்கறவர். காங்கேயம் பக்கம் ஒரு ஊருக்குள்ள நான் 60ல வர்றேன், முன்னாடி ஒரு பெரியவர் சைக்கிள்ல தட்டுக்கட்டு ஏத்திக்கிட்டுப் போறார், நான் கிட்ட வரும்போது அப்படியே வலது பக்கம் திருப்பிட்டார், கையும் காட்டல, திரும்பியும் பாக்கல. பிரேக்க மிதிச்ச மிதியில பின்னாடி இருந்த பையெல்லாம் முன்னாடி வந்து விழுந்துது, அவருக்கும் எனக்கும் நடுவுல ஒரு ஆள் உயரத்துக்கு இடம் இருந்திருக்கும். இறங்கிப் போனேன், அவர் என்னைத் திட்டல, "ஏந்தம்பி, ஒரு ஆரன் அடிச்சிருக்கலாமுல்ல"ன்னு மட்டும் கேட்டார். அவர் மேல எந்தத் தப்பும் இல்லைங்க. நம்ம ஊர் ரோட்டுல பாதிப் பேரு பின்னாடி வர்ற வண்டியக் காதாலதான் பாக்கறாங்க, ஆடு மாடு நாய் உட்பட. அவங்க காதுக்கு நம்ம வண்டி வர்றதே இல்ல. அன்னையில இருந்து ஊர்னு ஒரு பலகை தெரிஞ்சாலே 40க்கு இறங்கிடறேன், சைக்கிள் தெரிஞ்சா தூரத்துலயே லேசா ஒரு ஹாரன் தொட்டு விடறேன், அதனால எனக்கு எங்கயும் அஞ்சு நிமிஷம் கூட லேட் ஆனதில்ல.

இப்ப உங்க 682க்கு வர்றேன். அது எம்ஐடிசின்னு ஒரு டெஸ்ட்ல வர்ற கணக்கு, உருளை மேல வண்டிய நிறுத்தி ஒரு அட்டவணைப்படி ஓட்டிப் பாக்கறது, அதுல உச்ச வேகமே 90தான், சராசரி அதைவிட ரொம்பக் கம்மி. நாம ஓட்டறது சேலம் ரோடு, ஏசி போட்டு, நாலு பேரு, டிக்கி நிறைய சாமான். காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துக்குக் கூடும், 100ல இருந்து 120க்குப் போனா வேகம் 20 சதவீதம்தான் கூடுது, காத்து பிடிச்சு இழுக்கறது 44 சதவீதம் கூடுது. என் வண்டி அனுபவத்துல 95, 100ல நிதானமாப் போனா முழு சார்ஜுக்கு 480ல இருந்து 500 வருது, 120ல அழுத்திட்டே போனா 400 பக்கம் வந்து நிக்குது, ஊருக்குள்ள சிக்னல் சிக்னலா ஓட்டினா 550 கூடப் பாத்திருக்கேன். ஒரே வண்டி, ஒரே பேட்டரி, எல்லாம் வலது கால்தான். பெருந்துறை சென்னை நானூத்திச் சொச்சம் கிலோமீட்டர், கணக்குப்படி ஒரே மூச்சுல போயிடலாம், ஆனா அப்படிப் போகாதீங்க, நாலு வயசுக் குழந்தைய வெச்சுட்டு எப்படியும் ரெண்டு தடவ நிறுத்தத்தான் போறீங்க, அதுல ஒண்ண சாப்பாட்டு நேரமாவும் சார்ஜ் நேரமாவும் வெச்சுக்குங்க. 20 சதவீதத்துல இருந்து 80க்கு இருபது நிமிஷம்னு சொல்றாங்களே, அது 175 கிலோவாட் சார்ஜர் கிடைச்சா. வழியில பெரும்பாலும் 60 கிடைக்கும், அதுல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன, 30 கிலோவாட்டுன்னா ஒன்றரை மணி நேரத்துக்கு மேல. ஒரு தடவ ஒரு ஹோட்டல் வாசல்ல 14 சதவீதத்தோட போய் நின்னேன், ரெண்டு சார்ஜிங் கன்னுல ஒண்ணு வேலை செய்யல, இன்னொண்ணுல ஒருத்தர் மாட்டிட்டு சாப்பிடப் போயிட்டாரு, ராத்திரி ஒன்பது மணி, பையன் அழுகறான். அதுக்கப்பறம் 30க்குக் கீழ இறக்கறதில்லன்னு ஒரு கணக்கு வெச்சிருக்கேன், நிக்கப் போற சார்ஜருக்கு அடுத்து இன்னொண்ணு எங்க இருக்குன்னும் பாத்து வெச்சுக்கறேன்.

வழியில கிடைக்கற சார்ஜரைவிட முக்கியமானது வண்டி ராத்திரி எங்க நிக்குதுங்கறது. உங்களுக்கு சொந்த வீடு, சொந்த போர்ட்டிகோன்னா பாதிக் கவலை தீந்துது. சாதாரண 16 ஆம்ப் பிளக்குல போட்டா மூணு கிலோவாட் சொச்சம்தான் ஏறும், காலியா இருந்து நிறைய ஒரு நாள் முழுக்கவும் பத்தாது, ஆனா உங்களுக்குக் காலியாவே ஆகாதே, கோயமுத்தூர் போயிட்டு வர 160 கிலோமீட்டர்னா ஒரு 25 யூனிட், அது ஒரு ராத்திரியில ஏறிடும். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் போட்டா முழுசுக்கும் பன்னண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுரும், ஆனா அதுக்கு வீட்டு லோடக் கூட்டணும், நல்ல எர்த்திங் வேணும். கரண்ட் பில்ல மறந்துடாதீங்க, நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ கணக்கு, முதல் கொஞ்சம் யூனிட் இலவசம்னாலும் மேல போகப் போக ஸ்லாப் ஏறிட்டே போகும், வண்டி யூனிட்டெல்லாம் மேல் ஸ்லாப்புலதான் போய் விழும். நாங்க மாடியில சோலார் போட்ட அப்பறம்தான் அது அடங்குச்சு. அப்படியும் பழைய டீசல் செலவோட பாத்தா ரொம்பவே கம்மிதான்.

அம்மாவப் பத்தி நீங்க ஒண்ணும் கேக்கல, ஆனா நான் சொல்லணும். எங்க அம்மா இந்த வண்டியில முதல் மூணு தடவையும் வாந்தி எடுத்தாங்க. அவங்களுக்கு வயசாயிடுச்சு, கார் ஒத்துக்கலன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். அப்பறம்தான் புரிஞ்சுது, சிங்கிள் பெடல் போட்டிருந்தேன், கால எடுத்தாலே மோட்டார் உல்டாவா வேலை செஞ்சு வண்டிய இழுத்துப் பிடிச்சு கரண்டத் திருப்பி பேட்டரிக்கு அனுப்பும். ஓட்டறவனுக்கு அது சுகம், எப்ப இழுக்கும்னு நமக்குத் தெரியும், பின்னாடி இருக்கறவங்களுக்கு ஊஞ்சல்ல விட்ட மாதிரி முன்னயும் பின்னயும் தள்ளும். கூரை பின்னாடி சரிஞ்சு வர்ற கூபே டிசைன் வேற, பின் சீட்டுல உக்காந்தா வெளிய பாக்கற இடம் கம்மியாத்தான் இருக்கும். இப்ப வீட்டு ஆளுங்க இருந்தா அந்த இழுவையக் கொறைச்சு வெச்சுடறேன், எவ்ரிடே மோடுதான், கால முட்டை மேல வெச்ச மாதிரி வெச்சு எடுக்கறேன். அம்மா நாலாவது தடவையில இருந்து தூங்கிட்டு வர்றாங்க.

வால்பாறை போற ஆசை இருக்கும், போங்க, இந்த வண்டிக்குன்னே போட்ட ரோடு மாதிரி இருக்கும், ஆழியாறுக்கு மேல 40 கொண்டை ஊசி. ரெண்டு டன் வண்டிய ஆயிரம் மீட்டர் தூக்க மட்டும் அஞ்சரை யூனிட் செலவாகும், ஏறும்போது சதவீதம் மளமளன்னு இறங்கும், பயப்படாதீங்க, இறங்கும்போது அதுல பெரும்பகுதிய வண்டியே திருப்பி எடுத்துக்கும். ஒண்ணே ஒண்ணு, மேல தங்கற இடத்துல பிளக் இருக்கேன்னு 100 சதவீதம் நிரப்பிட்டு இறங்காதீங்க. பேட்டரி நிறைஞ்சிருந்தா திரும்பி வர்ற கரண்டுக்கு இடம் இருக்காது, மோட்டார் இழுத்துப் பிடிக்கறது கொறைஞ்சு போகும், அத்தனை கனமும் பிரேக் மேலயே விழும். 80ல எடுத்துட்டுக் கிளம்புங்க. அங்க மழைக் காலத்துல வளைவு முடியறதுக்கு முன்னாடி காலக் கொடுக்காதீங்க, பின் சக்கரம் தள்ளற வண்டி, எலக்ட்ரானிக்ஸ் பிடிச்சுக்கும்தான், அதுக்கு வேலை வைக்க வேண்டாம். டயரும் அதே கதைதான், எனக்குப் பின் டயர் ரெண்டும் முன்னாடி டயருக்கு ரொம்ப முன்னாலயே தேஞ்சு போச்சு, முதல் ஆறு மாசம் நான் சிக்னல்ல எடுத்த எடுப்புக்கு அது பதில்.

நீங்க எழுதினதுல "நம்ம ஊர் வண்டி"ன்னு இல்ல, ஆனா எனக்கு அந்தப் பெருமையும் இருக்கு. அசெம்பிளி பண்றது புனே பக்கத்துல சாகன்ல, ஆனா செங்கல்பட்டு பக்கத்துல இருக்கற மஹிந்திரா ரிசர்ச் வேலியில இதுக்கு எவ்வளவு வேலை நடந்திருக்கு, 2024 நவம்பர் 26ல உலகத்துக்குக் காட்டினதும் சென்னையிலதான். பாரத் என்கேப்னு வண்டிய மோதவிட்டுப் பாக்கற பாதுகாப்பு டெஸ்ட்ல 5 ஸ்டார். நம்ம ரோட்டுல இருக்கற பள்ளம் மேடு தெரிஞ்சவங்க செஞ்சதுன்னு ஓட்டும்போது தெரியுது, தரையில இருந்து 207 மில்லிமீட்டர் உயரம், நம்ம பஞ்சாயத்து வேகத்தடை எதுலயும் எனக்கு இன்னும் அடி தட்டல.

அப்பாவுக்கு நீங்க வாயால பதில் சொல்ல வேண்டாம் தம்பி. டெஸ்ட் டிரைவுக்கு அவரக் கூட்டிட்டுப் போங்க, அம்மாவையும். முதல்ல அப்பா ஓட்டட்டும், நீங்க பின்னாடி அம்மா பக்கத்துல உக்காருங்க, ஷோரூம் பையன் ரேஸ் மோட் போட்டுக் காட்டறேன்னு சொன்னா அப்பறம் பாக்கலாம்னு சொல்லிருங்க. ஒரு அரை மணி நேரம் ஊருக்குள்ள, வேகத்தடை மேல, ஒரு ரெண்டு வழி ரோட்டுல லாரிக்குப் பின்னாடி. அதுக்கப்பறம் இடம் மாத்தி நீங்க ஓட்டுங்க, ஓட்டும்போது கண்ணாடியில அம்மா மொகத்தப் பாருங்க. வந்து ரெண்டு பேரும் என்ன சொன்னாங்கன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க.

அன்போட,
அண்ணன்