காற்றில் ஓடும் படகுக்கு என்ன மாசு? கேட்டவர்களுக்குப் பதில்கள்

பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் ஒரு படகுப் பட்டறையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். சூழலைக் கெடுக்காத பாய்மரப் படகை வடிவமைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பாய்மரப் படகு காற்றில்தானே ஓடுகிறது? அதில் என்ன கெடுதல்?

ஓடும்போது பெரிதாக இல்லை. கெடுதல் அதன் உடம்பில் இருக்கிறது. 1960களிலிருந்து பெரும்பாலான படகுகள் கண்ணாடி இழையும் அதைப் பிணைக்கும் பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசினும் சேர்ந்த ஃபைபர் படகுகள். அந்த ரெசின் ஒருமுறை இறுகிவிட்டால் திரும்ப உருகாது. வயதான படகை ரம்பத்தால் அறுத்து எரிக்கலாம், இல்லையென்றால் புதைக்கலாம். கழிமுகங்களில் கைவிடப்பட்டுக் கிடக்கும் படகுகளைப் பார்த்தால் மனம் கனத்துப்போகும். 2019 முதல் பிரான்சில் ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்கிறது. புதுப் படகு விற்கும்போதே ஒரு கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தில் பழைய படகுகளைப் பிரிக்கிறார்கள். கொண்டுவந்து சேர்க்கும் செலவு மட்டும் உரிமையாளருடையது. அதனால் யார் வரைபடம் கொண்டுவந்தாலும், "40 வருடம் கழித்து இதை எப்படிப் பிரிப்பீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன்.

கேள்வி: ஆளி நாரில் படகு கட்டுகிறார்களாமே? நான் பொறியியல் மாணவி. தண்ணீரில் ஊறிப்போகாதா?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நாம் விதையைச் சாப்பிடும் அதே ஆளிச் செடிதான். நாருக்கென்று தனி ரகம், நார்மண்டியில் ஏராளமாக விளைகிறது. ஆளி நாரின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 1.45 மடங்கு, கண்ணாடி இழைக்கு 2.5 மடங்குக்கு மேல். எடைக்கு எடை பார்த்தால் விறைப்பில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். அதிர்வையும் நன்றாக உள்வாங்கும். உள்ளே படுத்தால் அலைச் சத்தம் அடங்கிக் கேட்கும். அமுக்கத்தைத் தாங்குவதில் மட்டும் கொஞ்சம் பலவீனம்.

ஈரம்தான் பெரிய தலைவலி. ரெசின் ஏற்றுவதற்கு முன் துணியைச் சூட்டில் உலர்த்தியே ஆகவேண்டும். ஒரு மழைக்காலத்தில் அவசரப்பட்டு அதைச் சரியாகச் செய்யாமல் விட்டேன். பலகை முழுக்கக் குமிழ், மொத்தமும் குப்பைக்குப் போனது. முடிந்த படகிலும் துளையிட்ட ஒவ்வொரு விளிம்பையும் ரெசினால் மூட வேண்டும்.

கடலில் நிற்குமா என்ற சந்தேகம் தீர்ந்துவிட்டது. பிரெஞ்சு பாய்மர வீரர் ரோலான் ஜூர்தான் பாதியளவு ஆளி நாரால் கட்டிய 60 அடி இரட்டை உடல் படகில் 2022இல் ரூட் து ரும் பந்தயத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து, தன் பிரிவில் இரண்டாவதாக வந்தார்.

ஒன்றை மறக்காதீர்கள். நார் செடியிலிருந்து வந்தாலும் அதை எபாக்ஸியில் (இறுகினால் உருகாத இன்னொரு ரெசின்) தோய்த்தால் படகு மக்காது, பிரிக்கவும் முடியாது. அதனால் ரெசினையும் சேர்த்தே யோசியுங்கள். அர்கேமா நிறுவனத்தின் எலியம் என்ற ரெசின் சூட்டில் இளகும், மூலப்பொருளாகத் திரும்பப் பிரித்தெடுக்கவும் முடியும். என் நம்பிக்கை அந்தப் பக்கம்தான்.

கேள்வி: பந்தயப் படகுகளை எதில் கட்டுகிறார்கள்?

கார்பன் இழை. 11த் அவர் ரேசிங் என்ற பந்தயக் குழு தன் மாலமா படகைக் கட்டியபோது கணக்குப் போட்டு வெளிப்படையாகச் சொன்னது: சுமார் 550 டன் கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். அந்தக் கணக்கில் படகின் உடலை வார்க்கும் அச்சுகளும் உண்டு. ஒரே படகுக்காக அச்சு செய்து தூக்கிப் போடுவதை நிறுத்தினாலே நல்ல குறைவு தெரியும்.

கேள்வி: அடியில் பாசியும் கொட்டலசும் (ஒட்டிக்கொள்ளும் சிறு ஓட்டு உயிர்கள்) பிடிக்காமல் இருக்க விஷப் பூச்சு அடிக்கிறார்களே, மாற்று உண்டா?

முன்பு டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் அடித்தார்கள். பிரான்சின் அர்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு கோணலாகி, சிப்பி வளர்ப்பே நொடித்தது. 1982இல் பிரான்ஸ் சிறு படகுகளில் அதைத் தடுத்தது. உலக அளவில் தடை அமலுக்கு வர 2008 ஆனது. இப்போது செம்புப் பூச்சு. அதுவும் நஞ்சுதான். நஞ்சில்லாத சிலிக்கோன் பூச்சு வழவழப்பாக இருக்கும், ஓடும் படகில் நன்றாக வேலை செய்யும். துறையிலேயே கட்டிக்கிடக்கும் படகுக்குப் பயனில்லை. சின்னப் படகென்றால் கரையேற்றி வையுங்கள், பூச்சே தேவைப்படாது.

கேள்வி: மின் மோட்டார் வைத்தால் பாயில் ஓடும்போதே பேட்டரி ஏறுமா?

ஏறும். ஆனால் கிடைக்கும் மின்சாரம் வேகத்தின் கனத்தோடு (வேகம் × வேகம் × வேகம்) கூடும், குறையும். 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம்தான் 5 நாட் வேகத்தில் கிடைக்கும். சிறிய, மெதுவான படகில் சூரியத் தகட்டை நம்புங்கள்.

கேள்வி: கேடமரான் நம் கட்டுமரம்தானே?

பெயர் நம்முடையது. இரட்டை உடல் அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களுடையது. நம் கட்டுமரம் கயிற்றால் பிணைத்த லேசான மரங்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப் போடுவார்கள். ஒரு மரம் கெட்டால் அதை மட்டும் மாற்றுவார்கள். படகை எப்படிப் பிரிப்பீர்கள் என்று நான் வரைபடக்காரர்களிடம் கேட்கும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலைப் பார்த்ததில்லை.

கேள்வி: கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. புதிதாகப் பசுமைப் படகு கட்டட்டுமா, பழையதை வாங்கட்டுமா?

பழையதை வாங்குங்கள். 1970களின் ஃபைபர் உடல் தடிமனானது, இன்னும் பல வருடம் உழைக்கும். வாங்கும் முன் மேல்தளம் முழுக்கச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் கேட்டால் ஃபைபருக்கு நடுவில் வைத்த மரம் ஊறியிருக்கலாம். அந்த இடத்தைத் திறந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள்.