டாக்டர் பதில்கள்: என் தங்கச்சி பழைய மாதிரி ஆவாளா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் தங்கச்சிக்கு 20 வயசு, காலேஜ் ரெண்டாவது வருஷம். திடீர்னு ராத்திரி பூரா தூங்காம பேசிட்டே இருந்தா, யாரோ கூப்பிடுறாங்கன்னா, வீட்ல காத்து கருப்புன்னு நெனச்சு மந்திரிச்சு கயிறு கட்டினாங்க, அப்புறம் ஃபிட்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முதுகுத்தண்டுல தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணி என்.எம்.டி.ஏ. என்செபாலிட்டிஸ்னு, மூளையில வர்ற ஒரு அழற்சின்னு சொன்னாங்க. ஐ.சி.யூ.வுல இருந்து பொழச்சு வந்துட்டா. டிஸ்சார்ஜ் ஆகி மூணு மாசம் ஆச்சு. ஆனா பகல்லயும் தூங்குறா, எவ்வளவு சாப்பிட்டாலும் பசிக்குதுங்கிறா, சின்ன விஷயத்துக்கு தட்டத் தூக்கி எறியுறா, வந்தவங்க முன்னாடி வாய்க்கு வந்தத பேசிடுறா. அப்பா திமிருங்கிறாரு. சொந்தக்காரங்க குணசீலம் கோயிலுக்கு கூட்டிட்டுப் போய் ஒரு மண்டலம் தங்க வைங்கங்கிறாங்க. அம்மா சரியா தூங்கியே மாசக்கணக்காச்சு. ஜூன்ல காலேஜ் அனுப்பலாமா? அவ பழைய மாதிரி ஆவாளா?
– பெயர் வேண்டாம், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: தம்பி, முதல்ல அப்பாவ பக்கத்துல உக்கார வச்சு இத சத்தமா படிச்சுக் காட்டுங்க. இது திமிர் கிடையாது. உடம்புல கிருமிய எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடி வழி தவறிப் போய் மூளை நரம்பு செல்லு மேல இருக்கிற என்.எம்.டி.ஏ. ரிசெப்டர, அதாவது சேதி வாங்குற புரதத்த, பிடிச்சு உள்ள இழுத்து கொறச்சிடுது, ஞாபகம், புத்தி, நடத்தை எல்லாத்துக்கும் அந்த ரிசெப்டர் வேணும், அதனாலதான் ஆரம்பத்துல பாக்குறதுக்கு மனநோய் மாதிரியே, நம்ம ஊர்ல சொன்னா பேய் பிடிச்ச மாதிரியே இருக்கும். அமெரிக்காவுல ஜோசப் டால்மாவ்ங்கிற நரம்பியல் டாக்டரும் அவர் குழுவும் 2007லதான் இந்த ஆன்டிபாடிய கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி இது வந்த எத்தன பொண்ணுங்க காரணமே தெரியாம மனநோய் வார்டுல கெடந்திருப்பாங்கன்னு நெனச்சா எனக்கு இப்பவும் மனசு கனக்கும். நல்ல விஷயம் என்னன்னா செல்லு பெரும்பாலும் சாகுறதில்ல, ஆன்டிபாடி குறையக் குறைய ரிசெப்டர் திரும்ப மேல வரும்.

ஆனா இந்த நோய் எந்த வழியா வந்துச்சோ கிட்டத்தட்ட அதே வழியாத்தான் திரும்பிப் போகும். வரும்போது முதல்ல நடத்தை மாறுச்சு, அப்புறம் பேச்சு, ஃபிட்ஸ், கடைசியா சுயநினைவு. போகும்போது முதல்ல நினைவு வரும், கை கால் அசைவு அடங்கும், பேச்சு வரும், எல்லாத்துக்கும் கடைசியாத்தான் பொறுமை, கட்டுப்பாடு, திட்டம் போட்டு ஒரு வேலைய முடிக்கிறது இதெல்லாம் வரும். உங்க தங்கச்சி இப்ப இருக்கிறது அந்தக் கடைசிப் பகுதியில. அதிக தூக்கம், அடங்காத பசி, கூச்சமில்லாத பேச்சு எல்லாமே இந்தக் கட்டத்துல நாங்க அடிக்கடி பாக்குறதுதான். ஸ்டீராய்டு மாத்திரை ஓடிட்டிருந்தா பசியும் எரிச்சலும் இன்னும் கூடும், மூஞ்சி உப்பும், சுகர் ஏறலாம், அதனால சுகர் பாத்துக்கிட்டே இருங்க. நல்லாத்தான் இருக்காளேன்னு யாராவது சொல்லி அந்த மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது, டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.

வீட்ல என்ன செய்யலாம்? எழுந்திரிக்கிறது, குளிக்கிறது, சாப்பாடு, தூக்கம் எல்லாம் தினமும் ஒரே நேரத்துல நடக்கட்டும். சுவத்துல தேதி கிழிக்கிற காலண்டர் இருக்குமே, காலையில அவளே கிழிச்சு தேதிய வாய்விட்டுப் படிக்கட்டும், அதுக்குக் கீழ ஒரு நோட்டுல இன்னைக்கு யார் வந்தா, என்ன சாப்பிட்டான்னு ரெண்டு வரி எழுதட்டும், மறந்துபோனா திரும்பிப் பாத்துக்க அது உதவும். ஒரு டீ போடச் சொல்லிப் பாருங்க. பால எடுத்து வச்சுட்டு அடுத்து என்னன்னு அப்படியே நிப்பா. அந்த இடத்துல "இதுகூட தெரியாதா"ன்னு கேக்காதீங்க, நீங்களே பிடுங்கிப் போட்டுக் குடுக்கவும் வேண்டாம், பக்கத்துல நின்னு "தண்ணி எவ்வளவு ஊத்தணும்?"னு அடுத்த ஒண்ண மட்டும் கேளுங்க, அவ செஞ்சு முடிக்கிற வரைக்கும் காத்திருங்க. அடுப்புகிட்ட மட்டும் தனியா விட வேண்டாம். டிவி ஓடிட்டு, நாலு பேர் ஒரே நேரத்துல பேசிட்டிருந்தா அவளால தாங்க முடியாது, பல நேரம் தட்டு பறக்குறது அப்பத்தான். கத்தாம டிவிய ஆஃப் பண்ணிட்டு அவள வேற ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க.

குணசீலம் பெருமாள கும்பிடணும்னா தாராளமா போயிட்டு வாங்க, அம்மாவுக்கும் மனசு லேசாகும். ஆனா ஒரு வேளை மாத்திரைகூட தவறக் கூடாது, செக்கப் தள்ளிப் போகக் கூடாது, அவள இப்ப எங்கயும் விட்டுட்டு வரக் கூடாது.

ஃபிட்ஸ் வந்தா இரும்பு, சாவின்னு கையில திணிக்கிற பழக்கம் வேண்டாம், அதனால நிக்காது. ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில ஸ்பூனோ தண்ணியோ எதுவும் வேண்டாம், அஞ்சு நிமிஷம் தாண்டினா 108க்கு கூப்பிடுங்க. ஸ்கூட்டி, கிணத்துப் பக்கம் தனியா போறது எல்லாம் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் கூடாது. திரும்பவும் தூக்கம் கெட்டுப் போகுது, சம்பந்தமில்லாம பயப்படுறா, வாய் தானா கோணிக் கோணி அசையுது, பேச்சு குறையுதுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடணும், சிலருக்கு இது ரெண்டாவது தடவையும் வரும். பொண்ணுங்களுக்கு சினைப்பையில ஒரு கட்டி இருந்து அதுவே இத தூண்டிவிடுறது உண்டு, ஸ்கேன் பண்ணாங்களா, திரும்ப எப்ப பண்ணணும்னு கேட்டு வச்சுக்குங்க.

ஜூன்ல காலேஜ் வேண்டாம். படிப்ப கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிற பிரேக் ஆஃப் ஸ்டடி எழுதிக் குடுத்து இடத்த காப்பாத்திக்குங்க, டிஸ்சார்ஜ் சம்மரி நகல் இணைச்சா போதும்னு சொல்வாங்களா, வேற என்ன கேப்பாங்கன்னு ஆபீஸ்ல விசாரிங்க. அவசரப்பட்டு அனுப்பி, கிளாஸ்ல ஒண்ணும் ஏறாம அவ அழுதுட்டு வந்தா அந்த பயத்த போக்குறதுதான் கஷ்டம்.

அம்மாவ பத்தி ஒரே வரியில எழுதியிருக்கீங்க, எனக்கு ரொம்ப கவலையா இருக்கறது அதுதான். வாரத்துல சில ராத்திரி நீங்களோ அப்பாவோ தங்கச்சி பக்கத்துல படுங்க, அம்மா வேற ரூம்ல கதவச் சாத்திட்டு தூங்கட்டும். அப்பா ஒரு ராத்திரி முழிச்சிருந்து பாத்தா திமிருங்கிற வார்த்தை அவர் வாயில வராது.

பழைய மாதிரி ஆவாளா? 500 பேருக்கு மேல தொடர்ந்து பாத்து 2013ல வந்த ஒரு ஆய்வுல, ரெண்டு வருஷ முடிவுல 81 சதவீதம் பேர் தன் வேலைய தானே பாத்துக்கிற அளவுக்கு தேறியிருந்தாங்க, ஒரு வருஷம் தாண்டியும் முன்னேற்றம் வந்துட்டே இருந்துச்சு. உங்களுக்கு மூணு மாசம்தான் ஆகுது. எல்லாருக்கும் நூத்துக்கு நூறு திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன், சிலருக்கு ஞாபக மறதியும் சீக்கிரம் களைச்சுப் போறதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆஸ்பத்திரியில இருந்த நாட்கள் பெரும்பாலும் அவ ஞாபகத்துக்கு வராது, "என்னெல்லாம் பண்ணே தெரியுமா"ன்னு யாரும் கிளற வேண்டாம். அந்த சமயத்துல யாராவது வீடியோ எடுத்து சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருந்தா இன்னைக்கே அழிக்கச் சொல்லுங்க. டாக்டருக்கு காட்டுறதுக்குன்னு ஒரு காப்பி உங்க போன்ல மட்டும் இருக்கட்டும், அவளா கேட்டா மட்டும் காட்டலாமா வேண்டாமான்னு அப்ப அவ டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க.