ஃபார்மலினுக்குப் பதில் தேனும் வெல்லமும்: எதுவரை நம்பலாம்?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ஃபார்மலின் நெடியால் மாணவர்களுக்குக் கண் எரிகிறது. திசு மாதிரிகளைத் தேனிலோ வெல்லக் கரைசலிலோ போட்டு வைக்கலாமா? எத்தனை நாள் தாங்கும்?

பதில்: ஒரு நாளைக்குப் போடலாம், மாதக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது. திசுவை நிலைப்படுத்துவது, அதாவது செல்கள் சிதையாதபடி அவற்றின் அமைப்பை அப்படியே நிறுத்துவது வேறு, சேமித்து வைப்பது வேறு. ஃபார்மலின் இரண்டையும் செய்துவிடுவதால் இந்த வேறுபாடு நமக்கு மறந்துபோகிறது. தேனும் வெல்லமும் முதல் வேலையை ஓரளவு நன்றாகவே செய்யும். அவற்றிலுள்ள ஃபிரக்டோஸ் அமிலச் சூழலில் ஆல்டிஹைடுகளாகச் சிதைந்து புரதங்களைப் பிணைக்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

தேன் என்றால் 20 மி.லி. எடுத்து, காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 100 மி.லி. ஆக்குங்கள். வெல்லம் என்றால் 30 கிராமைப் பொடித்துக் கரைத்து 100 மி.லி. ஆக்கி, வடிதாளில் வடிகட்டுங்கள். மண் துகள் தங்கினால், திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டும் மைக்ரோடோம் கருவியின் கத்தி முனை போய்விடும். கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும்.

திசுத் துண்டின் தடிமன் 3 முதல் 4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பலரும் சறுக்குவது இங்கேதான். சர்க்கரைக் கரைசல் வெளிப்புறச் செல்களின் நீரை உறிஞ்சிச் சுருக்கும். உள்ளே மெதுவாகத்தான் ஊடுருவும். துண்டு தடிமனாக இருந்தால் விளிம்பு நன்றாக இருக்கும், நடுப்பகுதி தன் நொதிகளாலேயே கரைந்து உட்கருக்கள் மங்கித் தெரியும். திசுவைப் போல் 10 முதல் 20 மடங்கு கரைசல் ஊற்றி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வையுங்கள்.

பிறகு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, 70% ஆல்கஹாலுக்கு மாற்றிவிடுங்கள். 95% ஆல்கஹால் 74 மி.லி.யுடன் 26 மி.லி. நீர் கலந்தால் ஏறத்தாழ அந்த அளவு வரும். சேமிப்பு இதில்தான். எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பருகே வைக்காதீர்கள். ஆவியாகிக் குறைந்தால் மேலும் ஊற்றுங்கள்.

நேரே தேன் கரைசலிலேயே விட்டுவிட்டால் என்ன ஆகும்? கெட்டித் தேன் கெடாமலிருப்பது அதில் நீர் குறைவு என்பதால்தான். நீர் சேர்த்ததும் அதிலுள்ள ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். குமிழி, புளித்த வாடை, மேலே வெள்ளை ஆடை இவற்றில் எது தென்பட்டாலும் கரைசலைக் கொட்டிவிடுங்கள்.

கற்பித்தலுக்கான ஹீமடாக்சிலின்-இயோசின் சாயத்துக்கு (செல்லின் பகுதிகளை நுண்ணோக்கியில் பிரித்துக் காட்டும் வழக்கமான சாயம்) இந்த முறை போதும். நோயாளியின் பயாப்சிக்கு (நோயறிய எடுக்கும் திசு) வேண்டாம்: குறிப்பிட்ட புரதங்களை எதிர்ப்பொருளால் கண்டறியும் இம்யூனோ சாயச் சோதனைகள் பெரும்பாலும் ஃபார்மலினில் நிலைப்படுத்திய திசுவுக்கே சரிபார்க்கப்பட்டவை. அங்கே புகைபோக்கிப் பெட்டிக்குள் ஃபார்மலினைக் கையாளுவதுதான் வழி. இன்னொன்று, தேனில் ஊறிய திசுவில் கிருமி செத்துவிட்டதாக நினைத்து மாணவர்கள் கையுறையைக் கழற்றிவிடுவார்கள்; அதற்கு இடம் தராதீர்கள்.